பட்டையோடு இறங்கிய மண்வளம்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், உத்திரகாவேரி ஆற்றை ஒட்டி அமைந்த ஒடுகத்தூரையும், அதற்கு வடக்கிலும் மேற்கிலும் பாலாற்றுப் படுகையில் வளர்ந்த வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் ஊர்களையும் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் வணிகர்களும் துறைமுகமும் ஏற்றுமதிக் கணக்கும் விரிவாக இடம்பெறுகின்றன. அத்தொழிலுக்குப் பட்டை தந்த மரங்களும், அம்மரங்கள் நின்ற மண்ணும் அவற்றில் போதிய இடம் பெறவில்லை. குரோமிய உப்பு வழக்கத்துக்கு வரும் முன்பு தோல் அழுகாமல் காத்தது மரப்பட்டையிலுள்ள துவர்ப்பொருளே. அது தோலின் புரதத்தோடு பிணைந்து, நீரும் நுண்ணுயிரும் எளிதில் சிதைக்க முடியாத பொருளாகத் தோலை மாற்றுகிறது. ஆகவே தொட்டியில் ஊறிய ஒவ்வொரு தோலுக்குப் பின்னும் எங்கோ ஒரு சரிவில் உரிக்கப்பட்ட பட்டை இருந்தது.

தொடக்கத்தில் அந்தப் பட்டை ஆவாரையிலிருந்து வந்தது. வறண்ட செம்மண்ணிலும் மலையடிவாரப் புறம்போக்கிலும் தானாக வளரும் இச்செடியின் கிளைகளை வெட்டிப் பட்டையை உரித்துக் காயவைத்து விற்பது ஏழைக் குடும்பங்களுக்குப் பிழைப்பாக இருந்தது. வெட்டிய அடியிலிருந்து செடி மீண்டும் துளிர்த்தது. ஆவாரந்தழை நெல் வயலுக்குத் தழையுரமாக மிதிக்கப்பட்டதால், சரிவை விட்டுப் போன சத்தில் ஒரு பங்கு அருகிலிருந்த வயலுக்காவது சேர்ந்தது. பட்டையில் இருந்த பங்கு தோல் தொட்டிக்குப் போய்த் திரும்பவே இல்லை. இந்தப் பட்டையில் பதனிட்ட தோல்கள் ‘கிழக்கிந்திய கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டன் சந்தையை அடைந்தன. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் காலணிகளுக்கு அவை பெருமளவில் தேவைப்பட்டபோது ஆவாரையின் தேவையும் கூடியது.

ஒரு மரத்தில் சத்துகள் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது இங்கே முக்கியமானது. எடையில் பெரும்பகுதியான நடுத்தண்டின் கட்டையில் சத்தின் செறிவு மிகக் குறைவு. இலையில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி, பட்டையில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. ஜெர்மானிய அறிஞர் எபர்மயர், பவேரியக் காடுகளில் உதிர்ந்த சருகை உழவர்கள் தொழுவத்துக்கு வாரிச் செல்வதால் மண் வறுமைப்படுவதை 1876இல் வெளியிட்ட நூலில் வேதியியல் கணக்கோடு காட்டினார். எத்தனை மரம் வெட்டப்பட்டது என்பதைவிட மரத்தின் எந்தப் பகுதி காட்டை விட்டு வெளியேறியது என்பதே மண்ணின் நிலையைப் பெரிதும் முடிவு செய்கிறது. அந்த அளவுகோலின்படி பார்த்தால், பட்டைக்காகவே மரம் வளர்ப்பது மண்ணிடமிருந்து கூடுதலாகக் கேட்கும் பயிர்முறையாகும்.

அந்தப் பயிர்முறை தமிழ்நாட்டில் பெரிய அளவில் வந்தது விடுதலைக்குப் பிறகுதான். ஆவாரையைவிடத் துவர்ப்பொருள் மிகுந்த வாட்டில் பட்டை, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து கப்பலில் வந்து பாலாற்றுத் தொழிற்சாலைகளில் இடம்பிடித்திருந்தது. 1946இல், அங்கு வாழ்ந்த இந்தியர்கள் மீதான இனப் பாகுபாட்டை எதிர்த்து இந்தியா அந்நாட்டுடன் வணிகத்தை முறித்துக்கொண்டது. நியாயமான அந்த முடிவின் பின்விளைவுகளில் ஒன்று, நீலகிரியிலும் பழனி மலையிலும் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், சோலைகளுக்கு இடையே கிடந்த தொன்மையான புல்வெளிகளில், உள்ளூரில் சீகை எனப்படும் வாட்டில் மரங்கள் நடப்பட்டது. புல்வெளியைத் தரிசு நிலம் என்று கருதிய அன்றைய பார்வை பெரும் பிழை. அதற்கான விலையை அம்மலைகள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

வாட்டில் அவரைக் குடும்பத்து மரம்; அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், தோட்டம் மண்ணைச் செழிக்கச் செய்கிறது என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. தழைச்சத்தைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் சுண்ணாம்புச்சத்தையும் சாம்பல் சத்தையும் காற்றிலிருந்து எடுக்க முடியாது. மலைமழை நெடுங்காலமாகக் கழுவி அமிலமாக்கிவிட்ட நீலகிரி மண்ணில் அவை முன்பே குறைவு. சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை மரத்தை வெட்டி, பட்டையைத் தோல் தொழிலுக்கும் கட்டையை விறகுக்கும் கூழுக்கும் அனுப்பும்போது, பாறை கரைந்து மெல்லத் தரும் சத்து அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம். எஞ்சிய கிளையையும் சருகையும் கொளுத்தினால் வாட்டில் விதை நன்றாக முளைக்கும். ஆனால் தழைச்சத்து புகையோடு போகிறது, சாம்பலில் தங்கும் மற்ற சத்துகளைச் சரிவில் இறங்கும் முதல் பெருமழையே அடித்துச் செல்லக்கூடும்.

1972இல் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைக்கப் பரிந்துரைத்த பின், ஆம்பூரும் வாணியம்பாடியும் முழுமையாக முடித்த தோலுக்கும் காலணிக்கும் வேகமாக மாறின. அந்த மாற்றத்தில் குரோமியம் முதலிடம் பெற்றது. மலைமண்ணின் மீதான அழுத்தம் தணிந்தபோது பாலாற்று நீரின் மீதான அழுத்தம் கூடியது. பாலாற்று மாசு பற்றிய வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. மலைமண் இழந்த சத்துக்கு அத்தகைய வழக்கு எதுவும் நடக்கவில்லை.

சமவெளியில் காகிதக் கூழுக்காக வளர்க்கும் தைலமரத்தின் பட்டையை வெட்டிய இடத்திலேயே உரித்துவிடுவது இன்றைய வழக்கம். ஆலை அதை விரும்பாததால் நேர்ந்த ஏற்பாடுதான் என்றாலும், மரத்தின் சுண்ணாம்புச்சத்தில் பெரும்பங்கு நிலத்திலேயே தங்க அது வழி செய்கிறது. அந்தப் பட்டையும் நுனிக்கிளையும் விறகாக வெளியேறும் இடங்களிலோ, ஆவாரங்காட்டிலும் வாட்டில் தோட்டத்திலும் நிகழ்ந்த அதே சத்திழப்பு தொடர்கிறது.