ரதியின் அழுகையும் சிங்கத்தின் பாட்டும்

பெரிய இசை நாடகம் ஒன்றை நான் முதன்முதலாகப் பார்த்தது எழுபதுகளின் இறுதியில். நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் அட்டன் வந்து, ரயிலேறிக் கொழும்புக்குப் போயிருந்தேன். லயனல் வென்ட் அரங்கில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'சிங்கபாகு'. "இது எங்கள் ஒப்பெரா" என்று அழைத்துப்போன சிங்கள நண்பர் பெருமையோடு சொன்னார்.

மத்தளம் முழங்கிற்று. பொத்தேகுரு எனப்படும் உரைஞர் முன்னால் வந்து, வரப்போகும் பாத்திரத்தைப் பாட்டிலே அறிமுகம் செய்தார். பாத்திரம் ஆடிக்கொண்டே வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் காமன் பொட்டலில் கூத்து வாத்தியார் செய்கிற வேலையல்லவா இது!

ஒப்புமை தற்செயலானதல்ல. சிங்களத்தில் இந்த வடிவத்துக்குப் பெயரே 'நாடகம'. தமிழ்க் கத்தோலிக்கக் கூத்துக்களிலிருந்து கரையோரமாகப் பரவியது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலிப்பு சிஞ்ஞோ என்ற கொல்லர் அதில் பேர்பெற்றவர். பின்னர் பார்சிக் கம்பனிகளின் பாணியில் 'நூர்த்தி' வந்தது. 1911 இல் மருதானையில் டவர் மண்டபம் திறந்தது. நாடகம பட்டணத்தை விட்டு ஒதுங்கிற்று. ஒதுங்கியதைத் தேடிப் போனவர் சரச்சந்திர. சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற பழைய கலைஞரின் துணையோடு 1956 இல் 'மனமே'யை ஆக்கினார். 'சிங்கபாகு' 1961 இல் வந்தது. அந்த உந்துதலில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி, 1962 இல் 'கர்ணன் போர்' மேடையேற்றினார். எங்கள் தோட்டத்து வாத்தியாரை மட்டும் எவரும் வந்து அழைக்கவில்லை.

காமன் கூத்தோ தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களோடு கடல் கடந்தது. மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பம் நடுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகிறான். போகவேண்டாம் என்று ரதி மன்றாடுகிறாள். நெற்றிக்கண் திறக்கிறது. எரிந்த கம்பத்தைச் சுற்றிவந்து ரதி அழும்போது லயமே சேர்ந்து அழும். இத்தாலியில் 1607 இல் மொண்டெவேர்டி அமைத்த 'ஓர்பேயோ'வும் துணையை இழந்தவன் கதைதான். அதற்கு அரண்மனை கிடைத்தது, இதற்குப் பொட்டல்.

எங்கள் தோட்டத்து ரதி என் அப்பா. காப்புக் கட்டி விரதமிருப்பார். பகலில் கவ்வாத்து வெட்டிய கையால் இரவில் சேலை உடுத்துவார். அட்டனில் படித்த காலத்தில் வகுப்புப் பையன்கள் என்னை 'ரதி மகன்' என்பார்கள். ஒரு வருஷம் காமன் எரிகிற இரவில், காய்ச்சல் என்று பொய் சொல்லிக் காம்பராவுக்குள் படுத்துவிட்டேன். தப்புச் சத்தத்துக்கு மேலே அப்பாவின் குரல் கேட்டது. கம்பளியை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன்.

சிங்கபாகுவின் கதை மகாவம்சத்தில் உள்ளது. தந்தையாகிய சிங்கத்தை விட்டுத் தாயோடும் தங்கையோடும் ஓடிய மகன், பின்பு அதைக் கொல்ல வில்லோடு வருகிறான். மகன்மேல் அன்பிருக்கும் வரை அம்பு சிங்கத்தைத் தைக்கவில்லை. கோபம் மூண்டதும் தைத்துவிடுகிறது. என் சிங்களம் கடைவீதிச் சிங்களம், பாட்டில் பாதி விளங்கவில்லை. ஆனாலும் ஓடிப்போன பிள்ளையை நினைத்துச் சிங்கம் பாடியபோது, அரங்கம் இருட்டாக இருந்தது நல்லதாயிற்று.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும், "அப்பா, ரதி அழுகிற பாட்டைக் கொஞ்சம் பாடுங்க" என்றேன். அவர் என்னை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தார்.

1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியிருந்தது. வாத்தியாரும் அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறிவிட்டார். பாட்டுக் கொப்பியும் அவரோடு போயிற்று.

"பாதிதான் ஞாபகத்துல இருக்கு, தம்பி," என்றார் அப்பா. "அதையும் சும்மா பாடக் கூடாது. மாசி வரட்டும். காப்புக் கட்டுன பொறகு பாடுறேன்."