இரண்டு தூண்களுக்கு நடுவே

மாரிஸ் கட்சோனிடெஸ் ஒரு டச்சுக்காரர், 1953இல் மான்டி கார்லோ கார்ப் பந்தயத்தில் ஜெயித்தவர். வளைவுகளில் தன் வேகத்தை அளந்து இன்னும் வேகமாய் ஓட்டுவதற்காக அவர் செய்த கருவிதான் பிற்பாடு போலீஸின் வேகக் காமிராவுக்கு வழிவகுத்தது. பிரிட்டனின் முதல் காமிரா 1992இல் லண்டன் ட்விக்கன்ஹாம் பாலத்தில் வந்தது. எல்லை மீறினால் பின்னாலிருந்து அடுத்தடுத்து இரண்டு படம். ஓட்டுநர்கள் சீக்கிரமே பாடம் படித்துக்கொண்டார்கள்: பெட்டியைக் கண்டா பிரேக், தாண்டினா மிதி. பல பெட்டிகளில் பிலிமே இருக்காது, அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

இந்தத் தந்திரத்தை முறியடிக்கவே சராசரி வேகக் காமிரா, 1999 முதல். இதில் ரேடார் கிடையாது. இரு தூண்களும் நம்பர் பிளேட்டைப் படித்து நேரத்தைக் குறிக்கின்றன. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். மணிக்கு 60 மைல் எல்லையுள்ள பத்து மைலை எட்டு நிமிஷத்தில் கடந்தால் உன் சராசரி 75. எந்த இடத்தில் தப்பு செய்தாய் என்பது யந்திரத்துக்குத் தெரியாது. குற்றம் நிகழ்வது ஒரு வகுத்தல் கணக்கில்.

ஃபூக்கோவை வாசித்த நண்பர்கள் உடனே பென்தாமின் சிறைக் கோபுரத்தைச் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் சரியாகப் பொருந்தவில்லை. கோபுரத்தில் ஆள் இருக்கிறானா என்று தெரியாததால்தான் கைதி பணிகிறான். இங்கோ காமிரா இருப்பதைப் பலகை வைத்தே அறிவித்துவிடுகிறார்கள். ஆனாலும் காமிரா இல்லாத நடுவெளியில்தான் கால் அடங்கிக் கிடக்கிறது. க்ரூஸ் கன்ட்ரோலில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான் ஒருவன். இன்னொருவன், பிரயோஜனமில்லை என்று தெரிந்தும், தூணைக் கண்டதும் பழக்கதோஷத்தில் பிரேக் போடுகிறான். பறந்து வந்துவிட்டு, கடைசித் தூணுக்கு முன்னால் ஓரங்கட்டி டீ குடித்துச் சராசரியை இறக்குகிறவனும் உண்டு (அவனுக்கு மிச்சமான நேரம் எவ்வளவு என்று யாராவது கேட்கலாம்). எல்லை மீறாதவன் பிளேட்டும் படிக்கப்படுகிறது என்பது பற்றி அதிகம் பேச்சில்லை.

ஸ்காட்லாந்தின் ஏ9 சாலையில், டன்பிளேனிலிருந்து இன்வர்னஸ் வரை, 2014 அக்டோபரில் இவை இயங்கத் தொடங்கின. அங்கே சாலை ஒற்றையாகவும் இரட்டையாகவும் மாறி மாறிப் போகும். மெதுவாய்ப் போகும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவன் பொறுமையிழந்து எதிர்த்தடத்தில் ஏறுவான்; சாவு அப்படித்தான் வந்தது. எனவே காமிராவோடு சேர்த்து, ஒற்றைச் சாலையில் லாரிகளின் எல்லையை 40 மைலிலிருந்து 50ஆக உயர்த்தினார்கள். முந்தத் தூண்டும் காரணத்தையே குறைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பிரிட்டனில் இக்காமிராக்கள் உள்ள இடங்களில் உயிர்ச்சேத, படுகாய விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக 2016இல் ஆர்.ஏ.சி. ஃபவுண்டேஷன் ஆய்வு சொன்னது. கண்காணிப்பு என்றாலே ஒடுக்குமுறை என்று எழுதிப் பழகிய நாம் இந்த எண்ணை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

அதே சமயம், எதிர்த்தவர்கள் எல்லோரும் வேகப்பித்தர்கள் அல்லர். சாலையை அகலப்படுத்து என்றார்கள். பெர்த்-இன்வர்னஸ் பகுதி முழுவதையும் 2025க்குள் இரட்டைச் சாலையாக்குவதாக ஸ்காட்லாந்து அரசு வாக்களித்திருந்தது. 2023இல் முடியாது என்று ஒப்புக்கொண்டு, பிறகு 2035 என்றது. தூண்கள் 2014லேயே வந்துவிட்டன.