கணினியின் ஆயுளும் எழுத்துருவின் பிடியும்: தமிழ்நாட்டில் கட்டற்ற இயங்குதளங்கள், 2006–2025

பௌர்ணமிக்கு முந்தைய வாரத்தில் திருவண்ணாமலை தேரடித் தெருப் பக்கத்து டிடிபி கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. அன்னதான நோட்டீஸ், கிரிவலப் பாதையில் கட்டும் பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை என்று கையில் பென்டிரைவோடு ஆட்கள் காத்திருப்பார்கள். அப்படியொரு கடையில் இரண்டு கணினிகளைப் பார்த்தேன். வாடிக்கையாளரின் பென்டிரைவைச் செருகும் முன் கணினியில் லினக்ஸ் மின்ட். உள்ளே, இணைய இணைப்பே இல்லாத இன்னொன்றில் விண்டோஸ் எக்ஸ்பியும் பேஜ்மேக்கர் என்ற பக்கவடிவமைப்பு மென்பொருளும். முன்னது வைரஸுக்குப் பயந்து வைத்தது, பின்னது எழுத்துருவுக்காக விட்டுவைத்தது என்றார் கடைக்காரர். ஒரே கடைக்கு இரண்டும் ஏன் தேவைப்படுகின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் சேர்ந்து உருவானது லினக்ஸ் இயங்குதளம். தமிழ்நாட்டில் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்தே சென்னையில் லினக்ஸ் பயனர் குழு கூடிவந்தது. ஆனால் மேசைக் கணினிக்கு அதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது எல்காட் என்ற அரசு நிறுவனம். சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006–2008 காலத்தில், நிறுவனத்தின் சொந்த அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின. பள்ளிகளுக்கான கொள்முதலிலும் அதுவே இடம்பெற்றது. உரிமக் கட்டணம் மிச்சம் என்பது முதல் காரணமாகச் சொல்லப்பட்டது. நடைமுறையில் அதைவிடப் பெரிய ஆதாயம் வைரஸ் தொல்லை குறைந்தது என்பேன்.

இதை ஊர்க்கடையில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். திருட்டு விண்டோஸ் ஏற்றிய கணினியில் பாதுகாப்புத் திருத்தங்களுக்கான அப்டேட்டைப் பெரும்பாலும் நிறுத்தியே வைப்பார்கள். அதில் ஒரு பென்டிரைவைச் செருகினால் ஷார்ட்கட் வைரஸ் புகுந்து, கோப்புகளை மறைத்து, அடுத்து வரும் பென்டிரைவுக்கும் தாவும். விண்டோஸுக்காக எழுதிய அந்த நிரல் லினக்ஸில் ஓடாது. அதோடு சாதாரணப் பயனர் கணக்கிலிருந்து கணினியின் அடிப்படைக் கோப்புகளை மாற்றவும் முடியாது. மென்பொருள்கள் ஒரே களஞ்சியத்திலிருந்து வருவதால் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் புதுப்பிக்கலாம். திருத்தம் ஏற்றாத கணினிக்கு என்ன ஆகும் என்பதை 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற தீநிரல் காட்டியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்படியிருந்தும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் மாட்டிக்கொண்டன.

இதற்கிடையே சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல தொகுதிகளில் விண்டோஸோடு லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவதை ஒட்டி, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு அறிவுறுத்தியது.

அறிவுறுத்தலோடு அந்த மாற்றம் ஏன் தேங்கியது? கேரளத்தோடு ஒப்பிட்டால் பாதி விடை கிடைக்கும். அங்கே 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் ஆசிரியர் பயிற்சி, பாடநூல், தேர்வு மூன்றையும் கட்டற்ற மென்பொருளோடு பிணைத்தது. பள்ளிகளின் 2 லட்சம் கணினிகளில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அதன் வாரிசு நிறுவனமான கைட் 2019இல் கணக்குக் காட்டியது. கணினிக்கு ஒன்றரை லட்ச ரூபாய் மென்பொருளை அரசு உண்மையிலேயே வாங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு அது. அந்த எண்ணை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆசிரியர்களுக்குக் கொடுத்த பயிற்சியை மெச்சுவதில் தயக்கமில்லை.

மீதி விடை எழுத்துருவில் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் ‘அண்ணாமலை’ என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கோப்பில் பதிவாவதோ எம், இசட், அரைப்புள்ளி, இசட், எச், கே, ஐ, ஒய் என்ற எட்டு ஆங்கிலக் குறிகள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் கூளம்தான் தெரியும். அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் இன்னும் பல என்று ஒவ்வொன்றும் தனிக் குறியேற்றம். 2010 ஜூனில் யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றபோதே இந்த முடிச்சு அவிழ வழி பிறந்தது. ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. கட்டற்ற பக்கவடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸின் பழைய நிலைப் பதிப்புகளுக்கோ கொம்பையும் காலையும் தமிழ் முறைப்படி சேர்க்கத் தெரியாது. அந்தத் திறன் கொண்ட நிலைப் பதிப்பான 1.6 வந்தது 2024 ஜனவரியில்தான். இயங்குதளம் இலவசமாகக் கிடைத்தும், பத்திரிகை அடிக்கும் கருவி கிடைக்கப் பல்லாண்டு ஆனது. இந்தத் தாமதத்தைச் செலவுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற, டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் ஒப்பீட்டளவில் புதிய செயலியும் வேண்டும். நன்றாக ஓடும் கணினியைக் கழித்துக்கட்டச் சொல்வது சிறிய கடைக்கு உரிமக் கட்டணத்தைவிடப் பெரிய சுமை. லினக்ஸின் உண்மையான மிச்சம் இங்கேதான், கணினியின் ஆயுளில், இருக்கிறது. அதற்கும் எல்லை உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. ஆனாலும் பத்து வயதுள்ள 64 பிட் கணினிக்கு அதில் இன்னும் இடமிருக்கிறது.

தேரடித் தெருக் கடைக்காரரிடம் பல ஆண்டு நோட்டீஸ்கள் பாமினியில் கிடக்கின்றன. வேலை இல்லாத மதியங்களில் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றுகிறார். மாற்றியில் போட்டு எடுத்த பிறகும் ஒரு வரி விடாமல் மெய்ப்புப் பார்க்கிறார். அன்னதானம் தருபவரின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மறுநாள் வந்து நிற்பார்களாம். கார்த்திகை தீப நோட்டீஸை மட்டும் இந்த முறை முன் கணினியிலேயே, ஸ்கிரைபஸில் அடித்து முடித்திருந்தார்.