பன்றி இரைப்பையில் பிறந்த வியாபாரம்

1890களில் அமெரிக்காவில் ஒரு சூயிங்கம் விற்பனைக்கு வந்தது. அதன் உறையில் இருந்தது ஒரு பன்றியின் படம். வாயில் போட்டு மெல்லும் பண்டத்துக்குப் பன்றி முத்திரையா என்ற கூச்சம் அதைத் தயாரித்த ஒஹாயோ மருத்துவர் எட்வர்ட் பீமனுக்கு இருக்கவில்லை. பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சின் பொடியை அஜீரணத்துக்கு மருந்தாக விற்றுவந்தவர் அவர். அதையே சூயிங்கத்தில் கலந்ததும் வியாபாரம் சூடுபிடித்தது. பிற்பாடு பன்றி விலகி, உறையில் பீமனின் தாடி முகம் வந்தது. பெப்சின் மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டது.

புரதத்தை அறுத்துத் துண்டாக்கும் நொதி பெப்சின். மனித இரைப்பையிலும் சுரக்கிறது, பன்றி இரைப்பையிலும் சுரக்கிறது. இரண்டும் செய்வது ஒரே வேலைதான். மனித இரைப்பையைச் சந்தையில் வாங்க முடியாது. பன்றியின் இரைப்பை கசாப்புக் கூடங்களில் மலிவாகக் கிடைத்தது. இந்த வியாபாரம் தொடங்கியது அங்கேதான். ஆனால் அதற்கு முன்பு, வயிற்றுக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரியவேண்டியிருந்தது.

பசியைத் தீ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். கிரேக்கர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். ‘பெப்சிஸ்’ என்ற அவர்களுடைய சொல் சமைப்பதையும் குறிக்கும், செரிப்பதையும் குறிக்கும். இரைப்பை உணவை வேகவைக்கிறதா, அரைக்கிறதா, அழுகவைக்கிறதா என்ற சர்ச்சை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஓயவில்லை.

அதில் முதல் தெளிவைத் தந்தது ஒரு பருந்து. செரிக்காததைக் கக்கிவிடுவது அந்தப் பறவையின் இயல்பு. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் இறைச்சித் துண்டை ஓர் உலோகக் குழாயில் வைத்து, முனைகளைக் கம்பி வலையால் மூடி, தன் பருந்துக்கு விழுங்கக் கொடுத்தார். பருந்து கக்கிய குழாயில் இறைச்சி கரைந்திருந்தது. உலோகத்துக்குள் இருந்த இறைச்சியை எந்தத் தசையும் அரைத்திருக்க முடியாது. அழுகிய வாடையும் இல்லை. ஏதோ ஒரு நீர்தான் அதைக் கரைத்திருக்கவேண்டும் என்று 1752இல் அவர் எழுதினார். அடுத்த தலைமுறையில் இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லான்சானி பருந்தோடு நிற்கவில்லை. உணவைத் துணிப்பையில் தைத்துத் தானே விழுங்கிப் பார்த்தார்.

மனித இரைப்பைக்குள் நேராகப் பார்க்கும் வாய்ப்பு ஒரு விபத்தால் வந்தது. 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மக்கினாக் தீவில், தோல் வணிகக் கம்பெனியின் கடையில் துப்பாக்கி ஒன்று தவறுதலாக வெடித்தது. குண்டு பாய்ந்தது அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடியப் படகுத் தொழிலாளியின் இடப்பக்கத்தில். ராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட் அவரைப் பிழைக்கவைத்தார். காயம் ஆறியது, ஓட்டை மூடவில்லை. இரைப்பைக்கு வெளியிலிருந்தே ஒரு ஜன்னல் அமைந்துவிட்டது.

1825 ஆகஸ்ட் 1 அன்று போமன்ட் இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தபோது ரொட்டியும் கோஸும் பாதி கரைந்திருந்தன. செயின்ட் மார்ட்டின் அவரிடம் சம்பள வேலைக்காரராகவும் இருந்தார். விறகும் வெட்டினார், நூல் கட்டவும் வயிற்றைக் காட்டினார். வெறுத்துப்போய்க் கனடாவுக்குப் போவதும், பணத் தேவையால் திரும்புவதுமாக ஆண்டுகள் ஓடின. 1833இல் வெளிவந்த போமன்டின் புத்தகம் இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் சொல்கிறது. இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதை லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் ஏற்கெனவே காட்டியிருந்தார். அமிலம் மட்டும் போதாது, கூடவே வேறொன்றும் இருக்கிறது என்றார் போமன்ட். மருத்துவர் 1853இல் இறந்தார். ஓட்டை வயிற்றுக்காரர் 1880வரை வாழ்ந்தார். மருத்துவர்கள் உடலைத் தோண்டி எடுத்துவிடக் கூடாது என்று குடும்பத்தினர் அதை அழுகும்வரை வைத்திருந்து, ஆழக் குழிதோண்டிப் புதைத்தார்கள்.

அந்த ‘வேறொன்று’ 1836இல் பெர்லினில் பிடிபட்டது. தியோடர் ஷ்வான் என்ற இளம் ஆய்வாளர் அதற்குப் பெப்சின் என்று பெயரிட்டார். விலங்குடலில் இருந்து அடையாளம் காணப்பட்ட முதல் நொதி அதுதான்.

கண்டுபிடித்து இருபது ஆண்டுகளுக்குள் அது கடைக்கு வந்துவிட்டது. 1850களில் பாரிஸ் மருத்துவர் லூசியன் கோர்விசார், செரிமானம் குன்றியவர்களுக்குப் பெப்சின் கொடுக்கத் தொடங்கினார். கணக்கு எளிது: வயிற்றில் குறைவதை வெளியிலிருந்து போட்டு நிரப்பலாம். 1872இல் அமெரிக்காவின் லூயிவில் நகர மருந்தாளர் எமில் ஷெஃபர் அதைத் தயாரிக்கும் வழியைச் சுலபமாக்கினார். பன்றி இரைப்பையின் உட்தோலைச் சுரண்டி, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, உப்பைச் சேர்த்தால் பெப்சின் மேலே மிதந்து வரும். அதை வழித்தெடுத்துப் பிழிந்து, உலர்த்தி, பால் சர்க்கரையோடு கலந்தால் சரக்கு தயார்.

சரக்கின் தரத்தை அளக்க அவித்த முட்டை உதவியது. ஒரு பங்கு பெப்சின் எத்தனை பங்கு வெள்ளைக்கருவைக் கரைக்கிறது என்பதே அளவுகோல். நல்ல பெப்சின் தன் எடையைப்போல் 3,000 மடங்கைக் கரைக்கவேண்டும் என்று அமெரிக்க மருந்து நூல் விதித்தது.

ரஷ்யாவில் உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் இன்னொரு வழியில் போனது. நாய்களின் இரைப்பை நீரையே சேகரித்து, வடிகட்டி, அஜீரணக்காரர்களுக்கு விற்று ஆய்வுச் செலவுக்குப் பணம் திரட்டியது. அஜீரணத்தின் பெயர் குளிர்பானத்திலும் ஏறியது. 1898இல் அமெரிக்காவில், வட கரோலினாவின் நியூ பெர்ன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த கேலப் பிராட்ஹம், தன் குளிர்பானத்துக்கு ‘பெப்சி கோலா’ என்று பெயர் மாற்றினார். அஜீரணத்தைக் குறிக்கும் ‘டிஸ்பெப்சியா’ என்ற சொல்லே அதற்கு மூலம் என்பார்கள். பானத்தில் பெப்சின் இருந்ததோ இல்லையோ, பெயரின் வேர் அதே கிரேக்கச் சமையல் சொல்தான்.

மருந்தாக அது பலித்ததா? பெரும்பாலும் இல்லை. காரணம் பெப்சினின் குணத்திலேயே இருக்கிறது. இரைப்பைச் செல்கள் அதைப் பெப்சினோஜன் என்ற செயலற்ற வடிவத்தில்தான் சுரக்கின்றன. இல்லாவிட்டால் சுரக்கும் செல்லையே அது தின்றுவிடும். அமிலம் பட்டதும் பெப்சினோஜன் தன் நுனியில் நாற்பதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கழற்றிவிட்டுப் பெப்சினாகிறது. கடும் அமிலத்தில்தான் அதற்கு வேலை. காரத்தன்மையுள்ள சிறுகுடலில் அது செத்துப்போகும். ஆகவே சோடா உப்போடு கொடுத்த பெப்சின் வீண். கணைய நொதிகளோடு ஒரே புட்டியில் கலந்து விற்றது இன்னும் வீண். ஒன்றுக்கு ஏற்ற இடம் மற்றதற்குச் சுடுகாடு.

பெப்சின் இல்லாமலே மனிதர் வாழமுடியும் என்பதும் 1897இல் தெரிந்துபோனது. சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் ஒரு பெண்ணின் இரைப்பையைப் புற்றுநோய்க்காக முழுவதும் அகற்றினார். அந்தப் பெண் ஓராண்டுக்கு மேல் உண்டு வாழ்ந்தார். புரதத்தைச் செரிக்கும் பெரும்பொறுப்பு கணையத்தின் டிரிப்சினுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் உரியது.

கடையில் தோற்றது ஆய்வுக்கூடத்தில் ஜெயித்தது. நொதி என்பது புரதமா, புரதத்தில் ஒட்டிய வேறு பொருளா என்று வேதியியலாளர்கள் மோதிக்கொண்டிருந்த காலம் அது. 1930இல் பிரின்ஸ்டனில் ஜான் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கி, அது புரதமே என்று காட்டினார். அந்த வரிசை ஆய்வுகளுக்கு 1946இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1934இல் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர்கள் பெர்னாலும் டோரதி குரோஃபுட்டும் ஈரம் காயாத பெப்சின் படிகத்தை எக்ஸ் கதிரில் படம் பிடித்தார்கள். புரதப் படிகம் ஒன்றின் முதல் தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் அது. இந்த டோரதிதான் பின்னாளில் இன்சுலினின் வடிவத்தைக் கண்ட டோரதி ஹாட்ஜ்கின்.

இன்றைய மருத்துவத்துக்குப் பெப்சின் குறைவதைவிட அது இடம் மாறுவதே ஆபத்து. இரைப்பையிலிருந்து மேலேறி உணவுக்குழாயையும் குரல்வளையையும் அரிப்பதில் அமிலத்தோடு அதற்கும் பங்குண்டு. ரத்தத்தில் பெப்சினோஜன் அளவு குறைந்தால் இரைப்பையின் உட்சுவர் தேய்கிறது என்று அறியலாம். இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள ஜப்பானில் இந்தச் சோதனை பயனில் இருக்கிறது.

பழைய பன்றிப் பெப்சினுக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது, அதன் தொடக்கம் நமக்கு அருகிலேயே உண்டு. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, பாம்புகளைத் திரும்பக் காட்டில் விடுகிறது. நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. சிறுகச் சிறுக அது செலுத்தப்பட்ட குதிரைகளின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் உருவாகிறது. அதை அப்படியே பாம்பு கடித்த மனிதருக்கு ஏற்றினால் ஒவ்வாமை கடுமையாக வரக்கூடும். நஞ்சைப் பிடிக்கும் கைகள் அந்தப் புரதத்தின் ஒரு பகுதி. ஒவ்வாமையைக் கிளறும் வால் இன்னொரு பகுதி. வாலை அறுத்தெறிந்து கைகளை மட்டும் விட்டுவைக்க, தொழிற்சாலையில் குதிரைப் பிளாஸ்மாவோடு சேர்க்கப்படுவது பெப்சின். பெரும்பாலும் அது இன்றும் பன்றி இரைப்பையிலிருந்துதான் வருகிறது.