கரோல் பாக்கில் நம்மவர் குடியேறிய வரலாறு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம் நாட்டுப் பழமொழி. பிழைப்பை நாடி வேற்றூர் செல்பவனுக்கோ இவ்விரண்டிற்கும் முன்னதாக மற்றொரு சோதனை காத்திருக்கிறது. மொழி தெரியாத பட்டணத்தில், வாங்கும் சம்பளத்திற்குள் அடங்குவதாகவும், மனைவி மக்களைத் தனியே விட்டு அச்சமின்றி அலுவலகம் செல்வதற்கு ஏற்றதாகவும் ஒரு வாடகை வீட்டைத் தேடிக்கொள்வதே அச்சோதனை. தில்லி மாநகருக்கு வந்த தமிழருள் மிகப் பலர் இதற்குக் கண்ட விடை கரோல் பாக் என்பதாகும். அவ்விடை எங்ஙனம் பிறந்தது, அது இன்று நமக்கு உணர்த்துவது யாது என்பவற்றை இவ்வாண்டு மலரில் சற்றே ஆராய்வோம்.

பேட்டை பிறந்த விதம்

1911ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நடைபெற்ற தில்லி தர்பாரில், இந்தியாவின் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். லட்யன்ஸ், பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர்கள் வகுத்த புதுதில்லி 1931 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பெற்றது. புது நகரம் எழ வேண்டுமாயின் பழைய குடிகள் எழுந்து செல்ல வேண்டும் அன்றோ? மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் முதலிய சிற்றூர்களில் வாழ்ந்தோர் இடம்பெயர்க்கப்பட்டனர். அவர்களுக்கு ரிட்ஜ் என்னும் குன்றுத்தொடருக்கு மேற்கே, கரோல் பாக்கில் இடம் கிடைத்தது. எனவே, இப்பேட்டை தோன்றும்போதே பெயர்ந்து வந்தோரின் பேட்டையாகத் தோன்றிற்று.

அக்காலத்தில் இதற்குப் பெருமை தந்தது ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவிய திப்பியா கல்லூரியாகும். யுனானி, ஆயுர்வேதம் என்னும் இரண்டு மருத்துவ முறைகளையும் கற்பிக்கும் இக்கல்லூரிக்கு 1916இல் ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13ஆம் நாள் காந்தியடிகள் திறந்து வைத்தார். இன்று நாம் துணியும் பாத்திரமும் வாங்கச் செல்லும் அஜ்மல் கான் சாலை அப்பெரியாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1934ஆம் ஆண்டின் பீகார் நிலநடுக்கத்தில் சேதமுற்ற பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1936இல் தில்லிக்கு மாற்றப்பெற்றமையால் பக்கத்துச் சாலைக்குப் பூசா சாலை என்னும் பெயர் வந்தது.

குவார்ட்டர்ஸும் வெளி வீடும்

தலைநகர் மாறியதும் சர்க்கார் செயலகத்திற்குக் குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தாளர்களும் ஏராளமாகத் தேவைப்பட்டனர். ஆங்கிலமும் கணக்கும் கற்ற சென்னை மாகாணத்து இளைஞர்கள் அவ்வேலைகளை நாடி வந்தனர். 1929இல் கிராண்டு டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய பின்னர் இப்பயணம் மேலும் எளிதாயிற்று. வந்தவர்கள் தம் மக்கள் தாய்மொழியை மறவாதிருக்கப் பள்ளி வேண்டும் என எண்ணி, 1923இலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினர். மதராசி பள்ளி என வழங்கிய அதுவே, இன்று ஏழு பள்ளிகளை நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் வித்து.

இந்நாள்களில் சர்க்கார் ஊழியர் பெரும்பாலோர் கோல் மார்க்கெட் வட்டாரத்துக் குவார்ட்டர்ஸ்களையே நம்பியிருந்தனர். ஆனால், 1939இல் மூண்ட இரண்டாம் உலகப் போரால் அலுவலகங்கள் பெருகின, ஆட்கள் பெருகினர், குவார்ட்டர்ஸ் மட்டும் அவ்வளவிற்குப் பெருகவில்லை. சம்பளமும் சேவைக் காலமும் பார்த்து ஒதுக்கப்படும் வீடு, புதிதாய்ச் சேர்ந்த இளைஞனுக்கு எளிதில் எட்டாத கனி. அதுவரையில் அவன் எங்கே குடியிருப்பது? இக்கேள்வியே நம்மவரை ரிட்ஜைத் தாண்டி மேற்கே அனுப்பிற்று. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தோன்றியதும் நம்மவர் தொகை இங்ஙனம் பெருகி வந்த காலத்திலேதான்.

அச்சமும் அடைக்கலமும்

இவ்வரலாற்றில் மறைக்கலாகாத ஒரு பகுதி உண்டு. நாம் பாதுகாப்பான இடம் என்று போற்றும் இதே கரோல் பாக், 1947 செப்டம்பரில் முஸ்லிம் குடிகளுக்கு அச்சத்தின் உறைவிடமாயிற்று. நாட்டுப் பிரிவினைக் கலவரத்தில் அவர்களுட் பலர் வீடு வாசலை விட்டு ஓட நேர்ந்தது. 1948 ஜனவரி 13ஆம் நாள் காந்தியடிகள் தில்லியில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். 18ஆம் நாள் பல சமயத் தலைவர்களும் கையொப்பமிட்டு உறுதிமொழி அளித்த பின்னரே நோன்பை முடித்தார். சப்ஜி மண்டி, பஹார்கஞ்ச் ஆகியவற்றோடு கரோல் பாக்கையும் பெயர் குறிப்பிட்டு, அங்கெல்லாம் முஸ்லிம்கள் முன்போல் நடமாட இயலும் என அவ்வுறுதிமொழி கூறிற்று.

மறுபுறம், மேற்குப் பஞ்சாபில் யாவும் இழந்த மக்கள் இலட்சக்கணக்கில் தில்லிக்கு வந்து சேர்ந்தனர். 1941இல் சுமார் 9.18 இலட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17.44 இலட்சமாயிற்று. கரோல் பாக் அவர்களுடைய பேட்டையாக மாறிற்று. எல்லைக் காந்தியின் பெயர் பூண்ட கஃபார் மார்க்கெட் அவ்வகதிகளின் உழைப்பால் வளர்ந்தது. மண் ஒன்றே, ஒருவர்க்கு அது அச்சமாயிற்று, மற்றொருவர்க்கு அடைக்கலமாயிற்று. ஓர் இடத்தின் பாதுகாப்பு அங்கு வாழும் மனிதரின் மனத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பஞ்சாபி வீட்டுக்காரரும் தமிழ்க் குடித்தனக்காரரும்

பஞ்சாபியர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வீடு எழுப்பினர். கீழ்த்தளத்தில் தாம் வாழ்ந்து, மாடியையும் அதன் மேலுள்ள 'பர்சாத்தி' அறையையும் வாடகைக்கு விட்டனர். மொட்டை மாடியில் ஒற்றை அறையும் சிறு சமையலிடமும் கொண்டது பர்சாத்தி. கோடையில் அடுப்பாகக் காயும். குளிர்காலத்தில் விரல் விறைக்கும். ஆயினும் வாடகை குறைவு. சர்க்கார் சம்பளக்காரன் வாடகை தவறமாட்டான் என்னும் நம்பிக்கை வீட்டுக்காரருக்கு இருந்தது. கீழே வீட்டுக்காரர் குடும்பம் இருக்கிறது என்னும் துணிவு குடித்தனக்காரருக்கு இருந்தது.

இவ்வுறவுக்குச் சட்டமும் ஒருவகையில் துணை செய்தது எனலாம். 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடித்தனக்காரரை எளிதில் வெளியேற்ற இயலாது. ஆனால், குடித்தனக்காரருக்கு வேறு வீடு ஒதுக்கப்படுமாயின் அதனைக் காரணமாகக் காட்டி வெளியேற்ற அதே சட்டம் இடம் தருகிறது. குவார்ட்டர்ஸ் கிடைத்தால் தானே போய்விடுபவன் என்ற முறையில், சர்க்கார் குமாஸ்தாவுக்கு வீட்டைக் கொடுக்க உரிமையாளர் தயங்கவில்லை. மேலும், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது, 'பகடி' வாங்கலாகாது, வாடகைக்கு ரசீது தரவேண்டும், தக்க காரணமின்றித் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது என்பனவும் அச்சட்டத்தின் விதிகளே.

எனினும், புதிதாய் வந்தவனுக்குச் சட்டத்தினும் பெருந்துணையாக இருந்தது நம்மவர் வாய்ச்சொல். எந்தச் சந்தில் குழாய்த் தண்ணீர் மாடி ஏறும், எந்த வீட்டுக்காரர் மாதந்தோறும் தகராறு செய்வார், எந்த வழியில் இரவில் பெண்கள் நடந்து வரலாம் என்பவற்றை முன்னரே குடியிருந்தவர் சொல்லக் கேட்டே வீடு முடிவாகும். இட்டிலி அரிசியும் காப்பிக் கொட்டையும் அப்பளமும் விற்கும் கடை, சாப்பாட்டு மெஸ், சைக்கிளில் எட்டும் அலுவலகம், பூசா சாலையில் தமிழ்ப் பள்ளி ஆகிய யாவும் அருகிலேயே அமைந்தன. ஒருவர் மற்றொருவரை அழைத்து வர, அவர் வேறொருவரை அழைத்து வர, கரோல் பாக் ஒரு சிறு தமிழூராயிற்று.

இவ்வாய்ச்சொல்லுக்கு ஒரு குறையும் இருந்தது. அது அறிந்தவர்க்கே எட்டிற்று. சில வேளைகளில் ஊரும் சாதியும் உணவுப் பழக்கமும் பார்த்தே கதவைத் திறந்தது. கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழ் ஏழைகளுக்குப் பேட்டையைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டி அவர்கள் அமைத்த மதராசி கேம்ப்பின் ஏறத்தாழ 370 குடிசைகள், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டன. தகுதியுடையோர் எனக் கொள்ளப்பட்டவர்க்கு மட்டும் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் ஆயின், வாடகை குறைந்தும் பயன் என்ன?

இன்றைய நிலை

1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைந்ததும், 1962இல் நகரப் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்ததும் நகரம் எட்டுத் திக்கும் விரிந்தது. நம்மவர் ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, மயூர் விஹார், துவாரகா எனப் பரவினர். கரோல் பாக்கோ கடைகளும் தங்கும் விடுதிகளும் நிறைந்த வாணிபப் பேட்டையாயிற்று. 2005 டிசம்பர் 31ஆம் நாள் இவ்வழியே மெட்ரோ ஓடத் தொடங்கியபின் துவாரகாவும் தொலைவாகத் தோன்றவில்லை.

ஆயினும், தமிழிளைஞர் கரோல் பாக்குக்கு வருவது நின்றுவிடவில்லை. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் மாணவ மாணவியர் இங்கும் அடுத்துள்ள பழைய ராஜேந்திர நகரிலும் அறை தேடுகின்றனர். 2019 பிப்ரவரி 12ஆம் நாள் கரோல் பாக் விடுதி ஒன்றில் மூண்ட தீயில் 17 பேர் மாண்டனர். 2024 ஜூலை 27ஆம் நாள் பழைய ராஜேந்திர நகரில், பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறையில் மழைவெள்ளம் புகுந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். பாதுகாப்பு என்பது திருடர் பயம் இன்மை மட்டுமன்று என்பதை இவ்விரு துயரங்களும் நமக்கு உணர்த்தின.

ஆகவே, வீடு பார்க்கச் செல்வோர் பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் அத்தெருவில் நடந்து பார்த்தல் நலம். வெளியேற இரண்டாவது வழி உண்டா, சன்னல் கம்பிகள் திறக்குமா, மழைநீர் எங்கே தேங்கும் என வினவுக. நிலவறை அறையை எவ்வளவு மலிவாயினும் ஒதுக்குக. வாடகையோடு மின்கட்டணம், தரகுப் பணம், நாள்தோறும் போய்வரும் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தாலன்றி எது மலிவு என்பது விளங்காது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்டால் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு இல்லை. ஆதலால், இன்று குடித்தனக்காரருக்குக் கேடயமாவது எழுத்து மூலமான ஒப்பந்தமே. பதிவுக் கடமையைத் தவிர்க்க வேண்டிப் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே அது எழுதப்படுகிறது. முன்பணம் எவ்வளவு, அது எப்போது திரும்பும் என்பதை அதில் எழுதச் செய்து, பணத்திற்கு ரசீது பெறுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் தாளில் எழுதிவிடலாம். வாய்ச்சொல்லின் இடத்தை அவை நிரப்பா. அன்று நம் பெரியவர்களுக்கு முன்னே வந்தவர் ஒருவர் இருந்தார். இன்று கைப்பேசியில் படத்தைப் பார்த்து அறை எடுக்கும் பிள்ளைக்கு அப்படி ஒருவர் இல்லை. நம் சங்க அன்பர்கள் பேட்டைக்கு இருவராகப் பெயர் தந்து, கேட்டு வருவோருக்கு ஊரும் குலமும் பாராமல் உண்மை நிலவரம் உரைக்க முன்வருவார்களாயின், அது விழா நாளில் செய்யும் எத்தொண்டிற்கும் குறைந்ததன்று. வந்தாரை வாழவைக்கும் நாடு என்று தமிழகத்தைப் பெருமையோடு கூறுகிறோம். தில்லியில் நாமே வந்தவர்கள். நம்மையும் யாரோ ஒருவர் வாழவைத்தனர். அக்கடனை அடுத்து வருவோர்க்குச் செலுத்துவதே முறை.