கனெக்டிகட் ஹால்

அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழக வளாகத்தின் மிகப் பழைய கட்டடம். மாணவர் விடுதியாக 1750-52இல் கட்டப்பட்டது.

அன்று கல்லூரியாக இருந்த இப்பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். 1718இல் அவர் கல்லூரிக்கு 417 புத்தகங்களும் ஒன்பது பொதிச் சரக்கும் அனுப்பினார். சரக்கு 562 பவுண்டுக்கு விலைபோனது. அக்காலத்தில் எழுந்த மரக் கட்டடம் பிற்பாடு மாணவர்களுக்குப் போதவில்லை. கல்லூரித் தலைவர் தாமஸ் கிளாப் செங்கல்லில் ஒரு விடுதி கட்ட முனைந்தார். லாட்டரி நடத்திப் பணம் திரட்டினார்கள். பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பலை விற்று வந்த தொகையையும் கனெக்டிகட் குடியேற்ற அரசு தந்தது. அந்த நன்றிக்கே இப்பெயர். கட்டுமானத்தில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பும் உண்டு. கட்டடத்தின் அழகைப் புகழ்ந்த பழைய நூல்கள் இவர்களைக் குறிப்பிடாமல் விட்டது பெருங்குறை.

ஹார்வர்டின் மாசசூசெட்ஸ் ஹாலை முன்மாதிரியாகக் கொண்ட ஜார்ஜியன் பாணிக் கட்டடம் இது. சிற்ப வேலை ஏதுமில்லை. ஒரே சீரான சன்னல் வரிசைகளும் செங்கல்லின் நிறமுமே அணி. நீண்ட தாழ்வாரம் கிடையாது. இரண்டு வாசல்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிக்கட்டு, அதைச் சுற்றி அறைகள். இதன் உயிர்நாடி கூரைதான். ஒவ்வொரு புறமும் அடியில் செங்குத்தாக ஏறி, பாதியில் மடிந்து, மேலே தணிவாகச் சரிகிறது. இதனால் மூன்று தளங்களுக்கு மேலே, தலை இடிக்காமல் புழங்கத்தக்க பரணும் கிடைத்தது. அங்கே வெளிச்சம் வரக் கூரையிலிருந்தே சிறு சன்னல்கள் துருத்தி நிற்கின்றன.

1797இல் இந்தக் கூரையைப் பிரித்து நான்காம் தளம் எழுப்பி, சாதாரண இருசரிவுக் கூரை போட்டார்கள். பக்கத்துக் கட்டடங்களோடு ஒத்துப்போக வேண்டுமென்று செய்த இவ்வேலை கட்டடத்தின் முகத்தையே கெடுத்துவிட்டது. 'பழைய செங்கல் வரிசை' எனப்பட்ட அந்தக் கட்டடங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக இடிபட்டன. இதுவும் இடிபட இருந்த நேரத்தில் பழைய மாணவர்கள் எதிர்த்து நின்று காத்தனர். 1905இல் கிராவனர் அட்டர்பரி என்ற கட்டடக் கலைஞர் மடிப்புக் கூரையை மீட்டுத் தந்தார். வரிசையில் எஞ்சியது இது ஒன்றே.

அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டரும், 1776இல் உளவாளியென்று ஆங்கிலேயர் தூக்கிலிட்ட நேதன் ஹேலும் இங்குத் தங்கிப் படித்தவர்கள். ஹேலின் சிலை 1914இல் கட்டடத்தின் முன் நிறுவப்பட்டது.

1950களில் உட்புறம் மாற்றிக் கட்டப்பட்டு, பின்னர் தத்துவத் துறை இங்கு இயங்கியது. 1965 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம்.