எக்ஸ் சாளரமும் மலையகத் தமிழும்

1984ஆம் ஆண்டு யூன் 19ஆம் திகதி, அமெரிக்காவின் மெசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய பொப் ஷைஃப்ளர் தம் சகாக்களுக்கு ஒரு மின்மடல் அனுப்பினார். கடந்த இரு வாரங்களாகச் சாளர முறைமை ஒன்றை எழுதிவருவதாகவும், அதற்கு 'எக்ஸ்' எனப் பெயரிட்டதாகவும், குறைகள் சில எஞ்சியிருப்பதாகவும், விரும்புவோர் நிரலைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் அதில் தெரிவித்திருந்தார். தமது ஆக்கத்தின் கணிசமான பகுதி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் போல் அசென்டே, பிரையன் ரீட் ஆகியோர் உருவாக்கிய 'டபிள்யூ' முறைமையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அந்த நிறுவகத்தில் 1983இல் தொடங்கிய 'அதீனா' திட்டத்துக்கு டிஜிட்டல், ஐ.பி.எம். ஆகிய இரு கம்பனிகளும் கணினிகளை வழங்கின. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் இயங்காது. எந்தக் கம்பனியின் திரையிலும் ஒரேவிதமாகச் சாளரம் திறக்கக்கூடிய பொதுவான முறைமை தேவைப்பட்டது. 'டபிள்யூ'வில் ஒவ்வொரு கட்டளைக்கும் மறுமொழி வரும்வரை நிரல் காத்திருக்கும். ஷைஃப்ளர் அந்தக் காத்திருப்பை நீக்கினார்; வேகம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஓரிடத்துக் கணினியில் ஓடும் நிரலின் சாளரத்தை, வலையமைப்பின் வழியே வேறோர் இடத்துத் திரையில் காணவும் முடிந்தது. ஜிம் கெட்டிஸ் போன்றோர் அவருடன் இணைந்தனர்.

தொடக்கத்தில் வெளியார் சிலருக்குக் கட்டணம் பெற்றே நிரல் வழங்கப்பட்டது. 1985இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பு முதல், எவரும் எடுத்துத் திருத்தி வழங்கலாம் என்ற தாராளமான உரிமம் நடைமுறைக்கு வந்தது. போட்டிக் கம்பனிகளின் பொறியியலாளர்களும் ஒரே நிரலில் உழைத்தனர். பதினோராம் பதிப்பு 1987 செப்டெம்பர் 15இல் வெளியாயிற்று. 2004இல் அதன் ஒரு கிளையான 'எக்ஸ்ஃப்ரீ86' உரிம நிபந்தனையை மாற்றியபோது, பலர் அதைக் கைவிட்டு முந்தைய நிரலிலிருந்தே பணியைத் தொடர்ந்தனர். நிரல் திறந்திருந்தமையே அதற்கு வழிசெய்தது.

1987 எமக்கும் நினைவிலிருக்க வேண்டிய ஆண்டு. அந்த நவம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம், தமிழும் அரசகரும மொழி என்றது. 1948இல் குடியுரிமையையும், 1956இன் சட்டத்தால் மொழிக்குரிய இடத்தையும் இழந்த மலையக மக்களுக்கு அது பெரிய வாக்குறுதி. எனினும், சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடும் தோட்டத் தொழிலாளரைக் கொட்டகலையில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். சட்டம் வழியைத் திறந்தது. தமிழில் எழுதும் கைகள் போதியளவு வந்து சேரவில்லை.

எக்ஸ் முறைமையும் தானாகத் தமிழ் பேசிவிடவில்லை. அதன்மீது 1996இல் கேடீஈ, 1997இல் குனோம் என்னும் திரைச்சூழல்கள் தொடங்கப்பட்டன. 2000ஆம் ஆண்டையொட்டித் தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் அவற்றைத் தமிழாக்கத் தொடங்கினர். கோப்பு, தொகு, சேமி என ஒவ்வொரு சொல்லையும் விவாதித்து, ஊதியமின்றி, இரவு நேரங்களில் அவர்கள் உழைத்தனர். எந்தக் கம்பனியிடமும் சந்தை உண்டா என்று கேட்டு நிற்கவேண்டிய நிலை அவர்களுக்கு இருக்கவில்லை.

இன்று எக்ஸின் இடத்தை 'வேலாண்ட்' படிப்படியாகப் பெற்றுவருகிறது. அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது. தமிழாக்கங்களோ பல இடங்களில் பாதியில் நிற்கின்றன. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியிலும் பயிலும் இளைஞர் பத்துப் பேர் கூடி, ஒரு பாடசாலைக்கு வேண்டிய மென்பொருள் ஒன்றையேனும் தமிழாக்கி முடிக்கலாம். ஷைஃப்ளரின் மடல் போல, குறைகளை ஒப்புக்கொண்டு, "வாருங்கள்" என்று அழைக்கும் ஒரு மடல் அதற்குத் தொடக்கமாக இருக்கும்.